எட்டு அங்குலமும் மாப்பிள்ளையின் குச்சியும்

போன ஞாயிற்றுக்கிழமை விருத்தாசலத்தில் என் தங்கை கமலா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசல் வேப்பமரத்துக் கிளையில் சங்கிலி போட்டு ஒரு என்ஜினைத் தொங்கவிட்டிருந்தார்கள். கீழே பானெட் கழற்றிய பழைய கார் ஒன்று வாயைத் திறந்துகொண்டு நின்றது.

"வாங்க மச்சான்" என்றார் மாப்பிள்ளை, கையெல்லாம் கிரீஸ். "சாயங்காலம் இதுலயே உங்கள ஜங்ஷன்ல கொண்டாந்து வுட்டுடறேன்."

பஸ் எத்தனை மணிக்கு என்று பக்கத்து வீட்டில் விசாரித்து வைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை பீங்கான் கம்பெனியில் அச்சு செய்கிறவர். கமலாவுக்கும் அங்கேதான் வேலை, பூச்சுப் பிரிவில். மாப்பிள்ளை ஆசைப்பட்டு ஒரு பழைய பெட்ரோல் கார் வாங்கினார். வாங்கிய நேரம், பெட்ரோல் விலை எகிறிவிட்டது. வண்டி வாசலோடு நின்றுவிட்டது. மனிதர் அசந்தாரா? பெண்ணாடம் பக்கம் கவிழ்ந்து கிடந்த வேனின் டீசல் என்ஜினை வாங்கிவந்து, வீட்டிலேயே பிரித்து, ரிங் மாற்றி, வால்வு தேய்த்து... ஒரே மாதம் என்று ஆரம்பித்த வேலைக்கு எட்டு மாதம் ஆகிவிட்டது.

கோலம் போட இடமில்லாமல் போன கமலா கடைசியில் கெடு வைத்தாள். நான் போன அந்த ஞாயிறு நாலு மணிக்குள் வண்டி ஓடவேண்டும். இல்லாவிட்டால் வேப்பூர் பழைய இரும்புக்காரரின் லாரியில் ஏறவேண்டும். மாப்பிள்ளையும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

நண்பகலில் என்ஜினை இறக்கினார்கள். உட்காரவில்லை.

என்ஜினைத் தாங்க இரும்பில் இரண்டு தாங்கிகள். மாப்பிள்ளையே மரத்தில் மாதிரி செதுக்கி, வெல்டிங் கடை அந்தோணியிடம் கொடுத்துச் செய்து வாங்கியிருந்தார். காரின் சட்டத்தில் உள்ள ஓட்டைகளும் தாங்கிகளின் ஓட்டைகளும் ஒன்றையொன்று பார்க்கவே மறுத்தன. இவர் எட்டு அங்குலம் என்று நோட்டில் எழுதியிருந்தார். இரும்பு, ஒன்பதாக வந்திருந்தது.

அந்தோணியைக் கூப்பிட்டனுப்பினார். அவர் மர மாதிரியோடு வந்து, தாங்கியின் மேல் வைத்துக் காட்டினார். கச்சிதமாகப் பொருந்தியது.

"நீங்க குடுத்த மரத்துக்கு மேல நான் ஒரு நூலு கூட்டல, ஒரு நூலு கொறைக்கல அண்ணே."

மாப்பிள்ளை டேப்பை எடுத்துக் காரை மறுபடி அளந்தார். எட்டு. மரத்தை அளந்தார். ஒன்பது. முகம் சுண்டிப்போய் அப்படியே மட்கார்டில் உட்கார்ந்துவிட்டார். வேடிக்கை பார்க்கலாம் என்றுதான் நான் போயிருந்தேன். அந்த முகத்தைப் பார்த்தபின் சிரிப்பு வரவில்லை.

காபி கொண்டுவந்த கமலா தம்ளர்களைக் கீழே வைத்தாள். புருஷன் சட்டைப்பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த மூங்கில் குச்சியை உருவி, டேப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். குச்சியின் எட்டு, டேப்பில் ஒன்பதாக இருந்தது.

களிமண் காய்ந்து, சூளையில் வெந்து வெளியே வரும்போது சுருங்கிவிடும். எட்டு அங்குலச் சாமான் வேண்டுமென்றால் அச்சைக் கூடுதலாகத்தான் செய்யவேண்டும். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போடுவானேன் என்று, மாப்பிள்ளை கோடுகளையே தள்ளித் தள்ளிக் கீறிய சொந்த அளவுகோல் அது. காரை அளந்தபோது உள்ளே குச்சி நுழையவில்லை, அதனால் டேப். மரத்தில் குறிக்கும்போது கை தன்னால் சட்டைப்பைக்குப் போயிருக்கிறது. இருபது வருஷப் பழக்கம்!

"இரும்ப எந்தச் சூளைல வெச்சு சுடப் போறீங்க?" என்று கேட்டாள் கமலா.

அந்தோணி வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்துச் சிரிப்பை அடக்கினார்.

யார்தான் சிரிக்க யோக்கியதை உள்ளவர்கள்? நான் பள்ளிக்கூட வாத்தியார். வீட்டில் உப்பு கேட்டால்கூடக் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரலில்தான் கேட்கிறேன் என்று என் மனைவிக்குப் பல வருஷ வருத்தம். வேலையிடத்து அளவுகோலை யாரும் வாசலில் கழற்றிவைத்துவிட்டு உள்ளே வருவதில்லை.

வெட்டி, ஒட்டிக் கொடுக்கப் புதன்கிழமை ஆகும் என்று சொல்லிவிட்டு அந்தோணி போய்விட்டார். மணி மூன்றரை. மாப்பிள்ளை கையைக் கழுவிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். என்ஜின் இல்லாத காரின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு அடித்தது. நாலரையும் ஆயிற்று. லாரியைக் காணோம்.

எனக்கு மனசு கேட்கவில்லை. உள்ளே போய், பாவம், ஒரு வாரம் தவணை கொடேன் என்று கமலாவிடம் சொன்னேன். அவள் தம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே தணிந்த குரலில் சொன்னாள்.

"லாரிக்காரருகிட்ட அடுத்த ஞாயித்துக்கெழமன்னுதாண்ணே சொல்லியிருக்கேன். நானும் அதே கம்பெனிலதான வேலை பாக்கறேன்? கொஞ்சம் கூட வெச்சு அளக்கணும்னு எனக்குத் தெரியாதா?"