தொண்ணூற்றாறு மார்க் வாங்கிய முயல் டாக்டர்

செகந்திராபாத் மெட்டுகுடாவில் டாக்டர் சூசைராஜின் கிளினிக்கில் நாற்காலிக்குத்தான் பஞ்சம், சான்றிதழுக்குப் பஞ்சமே கிடையாது. முயலுக்குப் பல் வைத்தியம், ஆமைக்கு மயக்க மருந்து, பூனைக்கு ரத்தக்கொதிப்பு, கிளிக்கு மனநோய் என்று சுவர் முழுக்கக் கண்ணாடிச் சட்டங்கள். எல்லாவற்றிலும் ஒரே பெயர், டாக்டர் ஏ. சூசைராஜ். அந்த மகானுபாவரோ தன் ஆயுளில் ஒரு கிளியை ஒழுங்காகக் கையில் பிடித்ததில்லை.

மனுஷர் எருமை டாக்டர். லாலாகுடா ரயில்வே பட்டறைக்கு வேலூர்ப் பக்கமிருந்து வந்த குடும்பம். அப்பா ஃபிட்டர். பையன் மட்டும் ஸ்பானரைத் தொடாமல் மாட்டைத் தொட்டுவிட்டான். வயிற்றுக்குள் கன்று குறுக்கே திரும்பிவிட்டால் தோள்வரை கையை விட்டு நேராக்கி இழுத்துப் போடுவதில் அவரை அடிக்க இன்றைக்கும் செகந்திராபாத்தில் ஆளில்லை. என்ன பிரயோஜனம்? எருமைக் கொட்டகை இருந்த இடமெல்லாம் அபார்ட்மென்ட். பதினான்காவது மாடியில் யார் எருமை வளர்க்கிறார்கள்? நாயும் பூனையும் வந்தன. அவற்றையும் எருமையின் குட்டித் தம்பிகளாக நினைத்து எப்படியோ ஓட்டிக்கொண்டிருந்தார்.

பிராணி வைத்தியத்தில் பட்டம் வாங்கியதோடு படிப்பு முடிந்துவிடுவதில்லை. மருந்து மாறுகிறது, நோய் மாறுகிறது, ஜனங்கள் வளர்க்கிற ஜந்துவும் மாறிக்கொண்டே இருக்கிறது. இதற்கென்றே வெளிநாட்டில் ஓர் இணையதளம். பாடம், வீடியோ, மருந்தளவு, பரீட்சை, சான்றிதழ் எல்லாம் உண்டு. சந்தாவைக் கேட்டால்தான் மயக்க ஊசி தேவைப்படாது, தானாகவே மயங்கலாம். நம்மவர்கள் உடனே நம்மவர்கள் செய்கிற காரியத்தைச் செய்தார்கள். ஆறு டாக்டர்கள் கூட்டுச் சேர்ந்து ஒரே லாகின். மற்றவர்களின் கார்டையெல்லாம் அந்தத் தளம் திருப்பியடிக்க, சூசைராஜின் கார்டை மட்டும் ஏற்றுக்கொண்டது. ஆகவே பெயர் அவருடையது.

அந்தத் தளத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். இன்னொருவர் நுழைந்தால் முன்னவர் வெளியே. ஜெயச்சந்திரன் என்ற டாக்டர் பாதி மருந்தளவு பார்த்துக்கொண்டிருப்பார், பொசுக்கென்று திரை மூடிக்கொள்ளும். உடனே வாட்ஸ்அப் குழுவில் கூச்சல்: "யாருப்பா அது? வெளிய வாங்க, நாய் டேபிள் மேல கெடக்குது!"

ஆறு பேரில் நிஜமாகப் படித்தது ஒரே ஒருத்தி. ரஷ்மி. அப்பா பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர், பெண்ணுக்கு முயல், ஆமை, வெள்ளெலி என்றால் உயிர். ஒரு பாடம் விடாமல் பார்த்தாள், எல்லாப் பரீட்சையும் எழுதினாள். சான்றிதழ்கள் சூசைராஜின் மெயிலுக்கு வந்து விழுந்தன. அவர் மனைவி ஜெஸ்ஸி பள்ளிக்கூட டீச்சர். சான்றிதழைப் பார்த்துவிட்டுச் சட்டம் போடாமல் இருக்க அவளால் ஆகாது. அது யார் படித்தது என்று அவள் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

யாரோ அந்தச் சுவரைப் படமெடுத்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். ஊரின் மறுகோடியிலிருக்கிற கச்சிபௌலியிலிருந்து கூடை கூடையாக முயலும் ஆமையும் வர ஆரம்பித்தன. சூசைராஜ் உள்ளறைக்குப் போய் ரஷ்மிக்கு போன் போட்டுக் கேட்டு, வெளியே வந்து தன் வாயால் சொல்லிச் சமாளித்தார். கெத்தாகத்தான் இருந்தது.

பிறகு ஒருநாள் ரஷ்மி வந்தாள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சின்னப் பிராணிகளுக்கென்று டாக்டர் எடுக்கிறார்கள், படித்ததற்கு அத்தாட்சி கேட்கிறார்கள் என்றாள்.

"நான்தான் படிச்சேன்னு ஒரு லெட்டர் குடுங்க சார், போதும்."

"நக்கோமா, வேணாம். வெட்டினரி கவுன்சில் காதுக்குப் போச்சுன்னா ஆறு பேருக்கும் ஆப்பு. எதுக்கு வம்பு?"

அவர் சொன்னதில் பாதி நிஜம். மீதிப் பாதி, அந்தச் சுவர். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் அன்றைக்கே வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறினாள். அமீர்பேட்டில் ஒரு கோச்சிங் சென்டரில் நுழைவுத்தேர்வுப் பிள்ளைகளுக்குத் தவளையின் இதயத்தைப் படம் போட்டுக் காட்டப் போய்விட்டாள். சூசைராஜுக்கு உறுத்தாமல் இல்லை. உறுத்தலோடு சேர்த்துச் சாப்பிட்டு, சேர்த்துத் தூங்கப் பழகிக்கொண்டார்.

இப்படியிருக்கையில் ஒரு காலையில் பகவதி வந்து சேர்ந்தாள். கச்சிபௌலியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, தனி ஆள். கூடையில் வெள்ளை முயல். பெயர் சேமியா. தாடையெல்லாம் எச்சில் வடிந்து ஈரம்.

"சாப்பிடவே மாட்டேங்குது டாக்டர். ரெண்டு இடத்துல காட்டிட்டேன். ரெண்டு பேரும் கைய விரிச்சுட்டாங்க. உங்க சர்டிபிகேட்டப் பார்த்துட்டுத்தான் இவ்வளவு தூரம் டிராபிக்ல வந்தேன். நீங்களும் முடியாதுன்னுடாதீங்க."

சூசைராஜ் முயலின் வாயைத் திறக்கப் பார்த்தார். அவரிடமிருந்த வாய்திறப்பான் எருமைக்கானது, அதற்குள் சேமியாவையே குந்த வைக்கலாம். "பல்லுதான். மத்தியானம் மயக்கம் குடுத்துப் பாத்துரலாம். அதுவரைக்கும் வாயில ஒண்ணும் படக்கூடாது" என்று கம்பீரமாகச் சொல்லி, அவள் கொண்டுவந்திருந்த கொத்தமல்லிக் கட்டையும் பிடுங்கி வைத்துக்கொண்டார். நாய்க்கு அப்படித்தான் செய்வது.

உள்ளே போய் அந்தத் தளத்தைத் திறந்தார். வாழ்க்கையில் முதல்முறையாகப் படிக்கத் திறந்தார் பாவம். முயல் பல் பாடத்தைத் தட்டினார். 'வாழ்த்துகள் டாக்டர் சூசைராஜ், இந்தப் பாடத்தை நீங்கள் வெற்றிகரமாக முடித்துவிட்டீர்கள். மதிப்பெண் தொண்ணூற்றாறு' என்று பட்டாசு வெடித்தது திரை. பாடத்தைக் காட்டவில்லை, மறுபடி சேரவும் விடவில்லை. முடித்தவருக்கு எதற்குப் பாடம்?

ஜெயச்சந்திரனுக்கு போன் போட்டார்.

"முயலா? ஐயோ, நான் பூனைக்கே நடுங்குறவன் சார். அதெல்லாம் நம்ம ரஷ்மிதானே?"

வெளியே எட்டிப் பார்த்தார். முயல் முன்னைவிடச் சுருண்டு கிடந்தது. காது ஜில்லிட்டிருந்தது. பகவதி அதன் முதுகைத் தடவியபடி இவரையே பார்த்தாள். முப்பது வருஷத் தொழிலில் சூசைராஜுக்கு இப்படிக் கிலி பிடித்ததில்லை. இது செத்தால் நான்தான் கொன்றேன் என்று அவருக்கு நன்றாகவே தெரிந்தது. பள்ளி விடுமுறையென்று கிளினிக்குக்கு வந்திருந்த ஜெஸ்ஸியிடம் முழுக்கதையையும் கொட்டினார்.

"அப்ப நான் சட்டம் போட்டதெல்லாம் அந்தப் பொண்ணு படிச்சதா? சீ!" என்றாள் ஜெஸ்ஸி. "மொதல்ல போனைப் போடுங்க. மானமும் தொழிலும் போனா பரவால்ல, என் சம்பளத்துல நானே சோறு போடுறேன்."

போட்டார். ரஷ்மி எடுத்தாள். பின்னால் வகுப்பின் இரைச்சல். விஷயத்தைக் கேட்டவள் முதலில் கேட்டது, "பட்டினி போட்டிருக்கீங்களா?"

"மயக்கம் குடுக்கணுமேன்னு..."

"சார்! முயலால வாந்தியே எடுக்க முடியாது சார், அதுக்கு எதுக்குப் பட்டினி? வயிறு காலியானா குடல் நின்னுடும், செத்துப்போயிடும். இப்பவே சூடு குடுங்க. துணி சுத்தி, வெந்நீர் பாட்டில் பக்கத்துல வைங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "அவங்ககிட்ட யார் வைத்தியம் பண்றதா சொல்லியிருக்கீங்க?"

"நான்னுதான்மா."

"நான் வரேன். நான் வர்றதுக்குள்ள உண்மையைச் சொல்லிடுங்க. உங்க அசிஸ்டென்ட் மாதிரி வந்து நிக்கமாட்டேன்."

அமீர்பேட்டிலிருந்து மெட்டுகுடாவுக்கு மெட்ரோ நேராக வரும். அவகாசம் அவ்வளவுதான். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு சூசைராஜ் பகவதியின் முன்னால் போய் நின்றார். உண்மையைச் சொல்லிவிட்டார்.

பகவதிக்கு முதலில் விளங்கவேயில்லை. "அப்ப இந்தச் சுவர்?"

"சுவர் என்னுது. படிப்பு வேற ஒரு டாக்டரோடது. அவங்க வந்துட்டிருக்காங்க."

"காலைலேர்ந்து இதைப் பட்டினி போட்டீங்களே, அது யாரோட படிப்பு?"

"அது என்னுதும்மா."

அப்புறம் பகவதி வைத பேச்சை இங்கே எழுத முடியாது. தெருவில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவன் வேலையை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தான். சூசைராஜ் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு முழுவதையும் வாங்கிக்கொண்டார். கை மட்டும் பாட்டிலை முயலுக்கு அணைவாக நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தது.

ரஷ்மி சின்னப் பையோடு வந்தாள். பகவதியிடம் தன் பெயரைச் சொன்னாள், காலையிலிருந்து நடந்ததைக் கேட்டுக்கொண்டாள். வலிக்கு ஊசி, தோலுக்கடியில் சலைன், பிறகு அரைத்த தழைக் கூழைச் சிரிஞ்சில் துளித்துளியாக ஊட்டினாள். காது சூடேறின பிறகுதான் மயக்க ஊசியைக் கையில் எடுத்தாள்.

"நீங்க பிடிங்க சார். பின்னங்காலைத் தாங்கிப் பிடிக்கணும். உதைச்சுதுன்னா தன் முதுகைத் தானே ஒடிச்சுக்கும்."

எருமைக்குள் தோள்வரை போன கைகள் அந்தப் பஞ்சு உடம்பை அவள் சொன்னபடியே அடியிலிருந்து தாங்கிப் பிடித்தன. அவள் விளக்கடித்துக் காட்டினாள். கடைவாய்ப் பல் ஒன்று முள்ளாக வளர்ந்து நாக்கைக் கிழித்திருந்தது. பேனா தடிமனில் ஒரு கருவியால் அதை ராவினாள். நறுக்கென்று வேலை முடிந்துவிட்டது. இதற்குத்தான் இத்தனை நாள் ஓர் உயிர் பட்டினி கிடந்தது என்று சூசைராஜுக்கு அழுகையே வந்தது. அடக்கிக்கொள்ளாமல் அழுதார்.

முயல் கண்விழித்தது. "இப்பச் சந்தோஷப்படாதீங்க, புழுக்கை போடணும். போட்டாத்தான் குடல் ஓடுதுன்னு அர்த்தம்" என்றாள் ரஷ்மி. அப்புறம் ரெண்டு கால்நடை டாக்டர்கள், ஒரு டீச்சர், ஒரு கம்ப்யூட்டர் பொறியாளர் எல்லோரும் குனிந்து ஒரு முயலின் பின்புறத்தையே சாயங்காலம்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேமியா கொத்தமல்லியை மோந்தது, ஒரு இணுக்கைக் கடித்தது, கடைசியில் மிளகு மாதிரி ஒன்றைப் போட்டது. பகவதி கத்திய கத்தலில் வாசலில் படுத்திருந்த நாய் ஓடியே போய்விட்டது.

கிளம்பும்போது பகவதி ரஷ்மியின் நம்பரை வாங்கிக்கொண்டாள். சூசைராஜ் பக்கம் திரும்பவேயில்லை.

அவர் உட்கார்ந்து அந்த லெட்டரை எழுதினார், எந்தெந்தப் பாடம் என்று சுவரைப் பார்த்துப் பார்த்து. கையெழுத்துப் போட்டு நீட்டினார். "கவுன்சில் என்ன பண்ணணுமோ பண்ணிக்கட்டும்மா."

"அந்த வேலைக்கு ஆள் எடுத்துட்டாங்க சார்" என்றாள் ரஷ்மி. சூசைராஜுக்கு முகம் செத்துவிட்டது. அவள் லெட்டரை மடித்துப் பையில் வைத்தாள். "குடுங்க, அடுத்ததுக்கு ஆகும்."

"ஒண்ணு பண்றியாம்மா? இந்த முயல் பாடத்தை நான் படிக்கணும். என் பேருல விடமாட்டேங்குது. உன் பேருல ஒரு லாகின் போடு, பாஸ்வேர்டை மட்டும் எனக்குக் குடு. நான் படிச்சு எழுதுறேன், சர்டிபிகேட்டெல்லாம் உன் பேருக்கே வரட்டும். கணக்கு நேராயிடும்."

ரஷ்மி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நக்கோ சார். நீங்க எழுதினா ஃபெயிலாயிடும். என் பேரு கெட்டுப்போயிடும்."

ஜெஸ்ஸிதான் முதலில் சிரித்தாள்.