கண்ணகியா, ஹனியாவா

புதுப்பட்டினம் கடைத்தெருவில் எங்கள் டீக்கடைக்கு நேர் எதிரே இளநீர்க் கடை வைத்திருப்பவள் கண்ணகி. அவள் வீட்டுக்காரர் எல்லப்பன் படாளம் பக்கத்திலிருந்து சின்ன யானை வண்டியில் காய் கொண்டுவந்து இறக்குவார். குடித்துப் போட்ட கூடுகளை அவள் குனிந்து கூடையில் அள்ளுவதில்லை. நின்ற இடத்திலிருந்தே, ஓரமாக நிற்கும் டிராக்டர் டிரெய்லருக்குள் வீசுவாள். கூடு மேலே போய், கொஞ்சம் யோசிப்பதுபோல் நின்று, நேராக உள்ளே விழும். வெளியூர்க்காரர்கள் அதைப் பார்ப்பதற்காகவே இன்னொரு இளநீர் வெட்டச் சொல்வார்கள்.

அவளும் நானும் ஐந்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்ச். அதோடு என்னை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அவள் மேலே படித்தாள், பாஸ்கெட்பால் ஆடினாள். அவள் கதையைச் சொல்வதென்றால் அவள் ஆடிய ரிங்கிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் சிமெண்ட் தரை கிடையாது. கடலோரம் ஒரு மணல் திடல், அவ்வளவுதான். கொல்லரிடம் வளையம் அடித்து வாங்கி, கம்பத்தில் பலகையோடு முடுக்கி, அதை நட்டுக் கொடுத்தவர் கண்ணகியின் அப்பா. கட்டுமரக்காரர். நட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தவர், "மணல் தானே பாப்பா, ரெண்டு மழ பேஞ்சா எறங்கிடும். அப்பால கரெக்டா நிக்கும்" என்றார். நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

மணலில் பந்து எழும்பாது. அதனால் கண்ணகி பந்தைத் தட்டிக்கொண்டு ஓடியதே இல்லை. வாங்கின இடத்திலிருந்து வீசுவாள். மதுராந்தகத்திலிருந்தும் திருக்கழுக்குன்றத்திலிருந்தும் ஆட வந்த பெண்களுக்குப் பந்து ரிங்கைத் தொடக்கூட மாட்டாது. "இந்த ஊரு காத்து பேஜாரு" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறுவார்கள். நாங்களும் காற்றுதான் காரணம் என்றே நம்பினோம்.

பிறகு செங்கல்பட்டில் ஜில்லா டீமுக்கு ஆள் எடுத்தார்கள். அன்று நான் அவளுக்காக நோன்பு வைத்தேன். சாயங்காலம் அவள் வந்து இறங்கியபோது முகத்தைப் பார்த்தே தெரிந்தது. வீசிய பந்தெல்லாம் ரிங்கைத் தாண்டிப் பலகையில் பட்டுத் தெறித்ததாம். பதற்றத்தில் இன்னும் உயரமாக வீசினாளாம். பலகையையே தாண்டிப் போயிற்றாம். "கடல் காத்து இல்லன்னா இந்தப் பொண்ணுக்கு ஆட்டமே கெடையாது" என்று அங்கே யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவள் பந்தைத் தொடவில்லை.

என் மகள் ஹனியா வேறு காலத்துப் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் சிமெண்ட் தரை, நல்ல ஷூ, செல்போனில் உலகத்து ஆட்டமெல்லாம் பார்த்துக் கற்றவள். தலையில் துணி கட்டிக்கொண்டு அவள் ஓடும்போது பந்து கையில் ஒட்டவைத்தது மாதிரி கூடவே வரும். இப்போது மாநில டீமில் இருக்கிறாள். அல்ஹம்துலில்லாஹ், நான் கேட்டதற்கு மேலேயே அவன் கொடுத்தான்.

இந்த வருஷம் பழைய திடலுக்குப் பக்கத்தில் புது சிமெண்ட் தரை போட்டு, பத்தடி ரிங் நட்டு, ஓரத்தில் சுவரும் எழுப்பினார்கள். சுவரில் ஒரே ஒரு முகம் வரைவது, அது நம் ஊரின் எக்காலத்துக்கும் பெரிய ஆட்டக்காரரின் முகமாக இருக்க வேண்டும் என்று கிளப் பையன்கள் முடிவு செய்தார்கள். கிளப்பை நடத்துபவன் ஆல்வின். அதுவரை எங்கள் கடையில், அமெரிக்க ஆட்டக்காரர்களில் பெரியவர் ஜோர்டானா லெப்ரானா என்றுதான் சண்டை நடக்கும். "ரெண்டு பேரும் நம்ம கடைக்கு டீ குடிக்க வரப்போறது இல்ல, ஏண்டா கிளாஸ ஒடைக்கிறீங்க" என்று என் வீட்டுக்காரர் ஜெயினுலாபுதீன் சொல்வார். இப்போது அதே சண்டை கண்ணகியா ஹனியாவா என்று மாறிவிட்டது.

"இதுல இன்னா யோசன? ஹனியா ஸ்டேட் பிளேயர். கண்ணகிக்கா செங்கல்பட்டையே தாண்டலியே" என்றான் ஆல்வின்.

"டேய், மணல்ல ஆடுனவடா அவ. நீ மணல்ல நடந்தாலே மூச்சு வாங்குது" என்றார் என் வீட்டுக்காரர்.

"சொந்தப் பொண்ணு பேரு வரும்போது எதுத்துப் பேசுறியே பாய்!"

"நாயம்னு ஒண்ணு கீதுல்ல."

எதிர்க்கடையிலிருந்து கண்ணகியே குரல் கொடுத்தாள். "சும்மா கெடங்கடா. ஹனியாவையே வரைங்க. நான் காத்துல பொழச்சவ." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அன்றைக்கு அவள் வீசிய கூடு டிரெய்லரின் விளிம்பில் பட்டுக் கீழே விழுந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. அஸர் தொழுகையில் என் மகளுக்காகக் கேட்க உட்கார்ந்தவள், இவளுக்காகக் கேட்டேன்.

மறுநாள் பழைய கம்பத்தை அறுத்தெடுக்க வெல்டர் கோதண்டராமன் வந்தார். கம்பத்தின் அடியைச் சுரண்டிப் பார்த்தவர் கடப்பாரையை நிறுத்தினார். மணலுக்குக் கீழே பாறை. கம்பத்தின் நுனி அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தது. பிறகு எத்தனை அடி இரும்பு தேறும் என்று பார்க்க, ஏணி வைத்து ஏறி ரிங்கிலிருந்து டேப்பைத் தொங்கவிட்டார்.

"இன்னாடா இது, பத்தடி தானே இருக்கணும்? அதுக்கு மேல முழுசா ஒரு மொழம் கீதே!"

"டேப்பு முறுக்கிகினு இருக்கும் அண்ணாத்த, சரியா புடி" என்றான் ஆல்வின். இரண்டாம் முறையும் அதே அளவுதான் வந்தது.

டீ கொடுக்கப் போயிருந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். கடற்கரையில் கம்பு நட்டுப் பழகியவர் கண்ணகியின் அப்பா. மணலில் எதை நட்டாலும் இறங்கும் என்று ஒரு முழம் கூட்டி விட்டிருக்கிறார். இரண்டு மழை இல்லை, எத்தனையோ மழை பெய்துவிட்டது. பாறையில் உட்கார்ந்த கம்பம் எங்கே இறங்கும்?

தட்டை அங்கேயே வைத்துவிட்டு ரோட்டைத் தாண்டி ஓடினேன்.

"கண்ணகி, உன் ரிங்கு எறங்கவே இல்லடி!"

"இன்னாடி ஒளர்ற?"

சொன்னேன். அரிவாளும் கையுமாக அவள் நின்றாள். பாதி சீவிய இளநீருக்காக ஒருவர் காத்துக்கொண்டிருந்தார்.

"அப்போ செங்கல்பட்டுல... நான் தப்பா போடலியா?"

"நீ கரெக்டா தான் போட்ட. அங்க ரிங்கு தான் ஒரு மொழம் கீழ இருந்துச்சு."

அவள் அரிவாளை வைத்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். இளநீர் கேட்டவரும் பின்னாலேயே வந்தார்.

திடலில் ஹனியா பழைய ரிங்குக்குப் பந்து வீசிக்கொண்டிருந்தாள். கேள்விப்பட்டு ஓடிவந்தவள். ஒவ்வொன்றும் ரிங்குக்குக் கீழேயே தளர்ந்து விழுந்தது. "அத்தை, இதுலயா ஆடுனீங்க?" என்று பந்தைக் கண்ணகியிடம் நீட்டினாள்.

கண்ணகி பந்தைக் கையில் உருட்டிப் பார்த்தாள். செருப்பைக் கழற்றினாள். வீசினாள். பந்து மேலே போய், கொஞ்சம் யோசிப்பதுபோல் நின்று, நேராக உள்ளே விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. பையன்கள் விசிலடித்தார்கள்.

"அது அவங்க பழகுன ரிங்கு. பத்தடியில போடட்டும், அப்பால ஒத்துக்குறேன்" என்றான் ஆல்வின்.

விசில் நின்றது. சிமெண்ட் தரைக்குப் போகும் நாலு எட்டும் அவளுக்குச் செங்கல்பட்டுதான் என்று எனக்குத் தெரியும். பிஸ்மில்லாஹ் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன். அவள் வீசினாள். பலகையில் பட்டுத் தெறித்து, ரோடு வரை உருண்டது. அதே பழைய வீச்சு, அதே பழைய தப்பு. ஒருவரும் சிரிக்கவில்லை, ஆனால் அவள் முகம் சிறுத்துப்போனது.

ஹனியாதான் ஓடிப்போய்ப் பந்தை எடுத்துவந்தாள். அதைக் கொடுக்குமுன், கண்ணகியின் கையைப் பிடித்து முழங்கையிலிருந்து விரல் நுனி வரை தொட்டுக் காட்டினாள். "இவ்ளோ தான் அத்தை. தாத்தா கூட்டுனத நீங்க கழிச்சிடுங்க."

கண்ணகி தன் கையையே ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். "எங்கப்பன் கை இதவிடக் கொஞ்சம் நீளம்டி!"

வீசினாள். பந்து வலையில் மட்டும் பட்டு இறங்கியது. ஹனியா எடுத்துக் கொடுக்கக் கொடுக்க இவள் போட்டுக்கொண்டே இருந்தாள். இன்னும் பின்னால் போய்ப் போட்டாள். இளநீர் கேட்டவர் கைதட்டினார். கோதண்டராமன் ஏணி மேலிருந்தே தட்டினார். என் வீட்டுக்காரர் கடையில் பாலைப் பொங்கவிட்டுவிட்டு வந்து நின்று தட்டினார். ஆல்வின் தலையில் கைவைத்துக்கொண்டான். "யக்கா, நீ மட்டும் அப்பவே டேப்பு புடிச்சிருந்தா..."

"டேப்பு புடிச்சிருந்தா நான் சாதாரண ஆளாயிருப்பேன்டா" என்றாள் அவள். இன்னொன்றும் போட்டாள்.

சுவர் யாருக்கு என்று யாரும் மறுபடி கேட்கவில்லை. கேட்பதற்கு முன்பே ஹனியா சொல்லிவிட்டாள். "என் மூஞ்சிக்கு இன்னும் டைம் கீது. நான் இன்னும் ஆடிகினு தானே கீறேன்?" என் மகள் விட்டுக்கொடுத்தாள் என்று நான் சொல்ல மாட்டேன். அவளும் ஆட்டக்காரி. பெரிய ஆட்டம் எது என்று அவளுக்குத் தெரியும். பழைய கம்பத்தை அறுக்கக் கூடாது என்று சொன்னதும் அவள்தான். தினமும் அதில் வீசிப் பழகுகிறாள். இப்போது அவளுக்கும் ஒன்றிரண்டு விழுகிறது.

போன வெள்ளிக்கிழமை படம் வரைய ஆள் வந்தார். கண்ணகியின் பெரிய முகம், தூக்கிய கை, பந்து, மேலே ரிங் எல்லாம் அழகாக வந்திருந்தது. சீவிய இளநீரைக் கையில் வைத்துக்கொண்டே கண்ணகி ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் தன் கடையிலிருந்து கத்தினாள்.

"ஏம்பா, அந்த ரிங்க அழிச்சிட்டு இன்னும் ஒரு மொழம் மேல வரை!"