அவிழ்க்காத காப்பு

எங்கள் ஊர் மணியக்காரர் என் தோளைப் பிடித்துக்கொண்டு மலை ஏறியது இன்னும் கண்ணில் நிற்கிறது. பெருத்த உடம்பு. பத்தடிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்குவார். ஊரில் யார் வாசலிலும் போய் நிற்காத மனுசர், அன்றைக்கு ஏலத்தோட்டத்தில் கூலிக்காரர்கள் குடியிருக்கிற லயம் லயமாகப் போய் நின்றார். ஒரு பெருவெள்ளத்தில் எங்கள் கண்மாய்க்கு வரும் வாய்க்கால் தூர்ந்துபோனது. விவசாயம் படுத்தது. பாதிச் சனம் மலைக்குக் கூலிக்குப் போய்விட்டது. என் தம்பியும் பெண்டாட்டியோடு போயிருந்தான். மணியக்காரர் எல்லாரிடமும் ஒன்றைத்தான் கேட்டார். "சாமி கும்பிடப் போறோம். ஒயிலாட வாங்கப்பா." வாய்க்கால் பேச்சே எடுக்கவில்லை. இறங்கும்போது என்னிடம் சொன்னார். "மம்பட்டியோட வாங்கன்னா எவன்டா வருவான்? ஆடக் கூப்பிட்டா வருவான்."

வந்தார்கள். தோட்டத்துக் கங்காணி விவரமானவன். பெண்டு பிள்ளைகளை மேலேயே வைத்துக்கொண்டு ஆம்பிளைகளுக்கு மட்டும் பத்து நாள் கொடுத்தான். கோயிலில் எங்கள் எல்லாருக்கும் காப்புக் கட்டினார்கள். மஞ்சள் நூல்தான். ஆனால் கட்டிக்கொண்டவன், அதை அவிழ்க்கிற மட்டும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. பெண்கள் சட்டிகளில் விதை போட்டு முளைப்பாரி வளர்ப்பார்கள். எட்டாம் நாள் அதைத் தண்ணீரில் கரைத்த பிறகுதான் காப்பை அவிழ்ப்பது. கண்மாய் வறண்டு கிடந்ததால் கிணற்றில் கரைப்போம் என்று நினைத்திருந்தோம். காப்புக் கட்டி முடிந்ததும் மணியக்காரர் எழுந்தார். "கண்மாயிலதான் கரைக்கணும். ஆத்துல தண்ணி ஓடுது. வாய்க்கால வெட்டுனா வந்துரும்." என் தம்பிதான் சிரித்தான். "மாட்டிக்கிட்டோம்ணே. சாமியச் சாட்சி வச்சுல்ல மாட்டிவிட்டாக."

பகலில் வெட்டினோம். பொழுது சாய்கிற நேரம் அந்தச் சேற்றோடேயே வந்து ஆடினோம். தம்பிதான் வரிசைக்கு முதல் ஆள். அவன் கையிலிருக்கிற துணி சுழன்று விழுகிற விதத்தைப் பார்த்துத்தான் மற்றவர்கள் காலை எடுத்து வைப்பார்கள். சுற்றுப்பட்டுச் சனமெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு பார்க்க வந்தது. உத்தமபாளையத்து ராவுத்தர் ஒருத்தர் ஜவுளி மூட்டையோடு வந்து, ஆட்டத்துக்குச் சிவப்புத் துணி கொடுத்தார். "உங்க ஊருக்கு வர்ற வழியே மறந்துபோச்சு மாப்ளே. இந்த உறுமிச் சத்தத்தக் கேட்டுத்தான் வந்து சேந்தேன்" என்றார். அந்த எட்டு நாளும் ஊர் ஊராக இருந்தது. அதை மறுக்க மாட்டேன்.

எட்டாம் நாள் முக்கால் வாசி வாய்க்கால்தான் வெட்டியிருந்தது. மணியக்காரர் காப்பை அவிழ்க்கவில்லை. கங்காணி கொடுத்த பத்து நாளும் கழிந்தது. ஆட்டம் ஓய்ந்துவிட்டது. காலைத் தூக்கத் தெம்பில்லை. முளைப்பாரி மஞ்சளாகிச் சாயத் தொடங்கியது. "பயிரே படுத்துக்கிருச்சு. இந்த மனுசனுக்கு மனசு எறங்கலையே" என்றாள் என் வீட்டுக்காரி. பன்னிரண்டாம் நாள் காலையில் தோட்டத்திலிருந்து ஆள் வந்தான். தம்பி பெண்டாட்டிக்கு மலைக்காய்ச்சல், நினைவில்லை என்றான்.

தம்பி வாய்க்கால் கரைக்குப் போனான். பின்னாலேயே நானும் போனேன். மணியக்காரரும் அன்றைக்கு மண்வெட்டியோடுதான் நின்றார்.

"அவுத்து விடுங்கய்யா."

"இன்னும் மூணு நாளுடா. சாமி காப்புடா அது."

"சாமிக்குக் காய்ச்சல் இல்லைங்கய்யா. அவளுக்குத்தான்."

அவர் குனிந்து மண்ணைப் பார்த்தார். தம்பி என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினான். "நீ அறுண்ணே."

அவன் ஊரோடு இருந்துவிட வேண்டும் என்றுதான் நானும் இருந்தேன். அதனால் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். கை நீட்டினபடியே இருந்தது. இடுப்பிலிருந்த அரிவாளை எடுத்து அறுத்தேன். அதைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் ஒவ்வொருத்தராக வந்து கையை நீட்டினார்கள். எல்லாருக்கும் அறுத்தேன், கடைசியில் எனக்கும். மணியக்காரர் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தார். உச்சிப் பொழுதுக்குள் எல்லாரும் மலை ஏறிவிட்டார்கள்.

மிச்சத்தை இருந்தவர்கள் வெட்டினோம். ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. பெண்கள்தான் பாதி வெட்டினார்கள். தண்ணீர் வந்தது. முளைப்பாரி அதற்குள் அழுகிப்போயிருந்தது. வேறு விதை போட்டுக் கரைத்து முடித்துவிடலாம் என்றார் பூசாரி. மணியக்காரர் ஒப்பவில்லை. "கட்டுனவன்லாம் வரட்டும். மறுபடி கட்டி, சேந்துதான் அவுக்கணும்." கூப்பிட்டு வர என்னை அனுப்பினார். தம்பி பெண்டாட்டி பிழைத்து அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். தம்பி என் முகத்தைப் பார்க்கவில்லை. "அறுக்கச் சொன்னவன் நான். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுண்ணே சாமி முன்னால ஆட?" மற்றவர்கள் பேச்சும் அதுதான். ஊரில் பிடித்து வைக்கக் கட்டின நூல், ஊருக்கே வர முடியாமல் செய்துவிட்டது.

மணியக்காரர் தன் காப்பை அவிழ்க்கவில்லை. நூல் இற்றால், அது விழுமுன் மேலேயே புது நூல் சுற்றிக்கொள்வார். எல்லையைத் தாண்டவில்லை. தாலுகா கச்சேரிக்குப் போகாததால் மணியம் வேறு ஆளுக்குப் போனது. கடைசியில் நெஞ்சு வலி வந்தபோது தேனிக்குக் கொண்டுபோக வண்டி பூட்டினோம். எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கமே நிறுத்தச் சொன்னார். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தோம்.

இப்போது இரண்டு போகம் விளைகிறது. பஸ் வருகிறது. எங்கெங்கிருந்தோ குடி வந்தவர்களால் ஊர் நிறைந்துவிட்டது. வருசா வருசம் சாமி கும்பிட்டு, ஒயிலாடி, எட்டாம் நாள் ஒழுங்காகக் காப்பை அவிழ்க்கிறார்கள். நான் கட்டிக்கொள்வதில்லை. ஏன் என்று கேட்க ஆளில்லை.

தம்பி மலையிலேயே செத்தான். அதற்குள் மூன்று தரம் போய்ப் பார்த்தேன். நீ கேட்காவிட்டாலும் அறுத்திருப்பேன்டா, பாவம் என்னோடது, நீ வா என்று ஒருதரம் சொல்லியிருக்கலாம். பொய்தான். சொல்லியிருக்கலாம்.