சிவப்பு சோப்பும் கிராணி நாற்காலியும்

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுப் பின்புறத்தில் அடுப்பைச் சுற்றி இருந்தவர்கள் நால்வர்: அம்மா, அக்கா, நான், கடாய்க்குச் சொந்தக்காரரான எதிர்வீட்டு மாமா. இல்லாதவர்கள் இருவர். அப்பா, ஜப்பான் சண்டை வருவதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார். அக்காவின் வீட்டுக்காரரை, சயாமில் ரயில் பாதை போடுவதற்கென்று ஜப்பான்காரர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அத்தான் பிற்பாடு உயிரோடு திரும்பி வந்தார். ஆனால் அன்றைக்கு அது எங்களுக்குத் தெரியாது.

நாங்கள் காஜா பேராங்கில், மலாய் பேசும் செட்டிகள் குடியிருக்கும் கம்போங் செட்டியை ஒட்டிய ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். மாமா கம்போங் செட்டிக்காரர். கோயிலில் நம்மைப் போலவே கற்பூரம் ஏற்றிக் கும்பிடுவார். வாயைத் திறந்தால் மலாய்தான் வரும், நடுநடுவே ஒன்றிரண்டு தமிழ் வார்த்தைகளோடு. அவர் வீட்டில் விசேஷ நாட்களுக்கு டோடோல் என்கிற இனிப்பைக் கிண்டுகிற பெரிய இரும்புக் கடாய் ஒன்று இருந்தது. சீனி கிடைக்காத காலம் அது. கடாய் கவிழ்ந்தே கிடந்தது. அவருடைய தென்னை மரங்களிலிருந்து எண்ணெயும் கிடைத்தது. இரண்டையும் எனக்குக் கொடுத்து, சோப்பு விற்றால் தனக்கு ஒரு பங்கு என்று சொல்லியிருந்தார்.

நான் நகராட்சி அலுவலகத்தில் அரிசிச் சீட்டு எழுதும் கிராணி, அதாவது குமாஸ்தா. அதே நகராட்சியில் என் அப்பா சாக்கடை அள்ளும் வேலை பார்த்தவர். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அலுவலகத்தில் என் பெயருக்கு ஒரு நாற்காலி இருப்பதை அம்மா பாசாரில் மீன் விற்பவர் வரைக்கும் சொல்லி வைத்திருந்தாள். அந்த நாற்காலியோடு மாதாமாதம் வீட்டுக்கு அரிசி வந்தது. கையில் கட்டிக்கொள்ள முத்திரை குத்திய துணிப்பட்டி ஒன்றும் வந்தது. தெருவில் லாரியை நிறுத்தி ஆள் பிடிக்கும்போது, அந்தப் பட்டியைப் பார்த்தால் விட்டுவிடுவார்கள். அத்தானிடம் அப்படி ஒன்று இருக்கவில்லை.

அப்படிப்பட்ட வேலையை விட வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். காலையில் எல்லோரும் வரிசையாக நின்று ஜப்பான் சக்கரவர்த்தி இருக்கும் திசை என்று கிழக்கே பார்த்துக் குனிவோம். பிறகு உட்கார்ந்து, இல்லாத அரிசியை இருக்கிற ஆட்களுக்குப் பிரித்து எழுதுவோம். மாலையில் ஜாலான் துக்காங் எமாஸ் வழியாக வீட்டுக்கு நடப்பேன். பாதிக் கடைகள் பலகை போட்டு மூடியிருக்கும். மூடிய கடை ஒவ்வொன்றையும் பார்த்து, இது என்னுடையதாக இருந்தால் என்ன விற்பேன் என்று யோசித்துக்கொண்டே போவேன். ஊரில் சோப்பே இல்லை. ஜனங்கள் சாம்பலைப் போட்டுத் துணி துவைத்தார்கள். செம்பருத்தி இலையைக் கசக்கித் தலைக்குத் தேய்த்தார்கள். கொழுப்பும் காரமும் சேர்ந்தால் சோப்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்தது எனக்கு ஞாபகம் இருந்தது. அக்காவுக்கும் ஒரு வருமானம் வேண்டியிருந்தது. அதைவிட, என் கையால் ஒரு பொருளைச் செய்து, இது நான் செய்தது என்று சொல்லி ஒருவரிடம் கொடுக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. அரிசிச் சீட்டில் அப்படிச் சொல்ல எதுவும் இல்லை.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

“ஒங்கப்பா சாக்கட அள்ளுன ஆபீஸ்டா அது. அங்க நீ நாற்காலில உக்காந்திருக்க. இப்போ எறங்கி வந்து அடுப்பு ஊதப் போறேங்கற.”

“அடுப்பு இல்லம்மா, வியாபாரம்.”

“வியாபாரம் பண்றவன் மூஞ்சி வேற மாதிரி இருக்கும். ஒன் மூஞ்சியப் பாத்தா, நீ வெல சொல்றதுக்கு முன்னாடியே கொறச்சுக் கேப்பாங்க.”

அக்கா சிரித்துவிட்டாள். “விக்கிறத நான் பாத்துக்கறேன்மா. இவன் கிண்டட்டும்.”

கடைசியில், வேலையை விடக் கூடாது, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் காய்ச்சிப் பார்க்கலாம் என்று முடிவானது.

தேங்காய் மட்டையை எரித்த சாம்பலில் கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கலந்து, தண்ணீர் ஊற்றி வடித்தால் கையை அரிக்கும் காரத் தண்ணீர் கிடைக்கும். அதை எண்ணெயோடு சேர்த்துக் கொதிக்க வைத்து, கிண்டிக்கொண்டே இருந்து, கடைசியில் உப்புப் போட வேண்டும். முதலில் காய்ச்சியது கஞ்சி போல் நின்றுவிட்டது. அடுத்ததும் அப்படித்தான். மூன்றாவது ஞாயிறு, அதாவது நான் சொல்ல வந்த அந்த ஞாயிறு, கரண்டியில் எடுத்துச் சொட்டவிட்டால் இறுகியது. ஆனால் சிக்கெண்ணெய் நாற்றம் தாங்க முடியவில்லை.

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “இத எந்தப் பொம்பள மேலுக்குப் போடுவா? கொஞ்சம் மஞ்சளாவது போடு. குளிக்கறப்ப மஞ்சள் தனியா தேய்க்க வேணாம்னு சொல்லி வித்துடுவேன்.”

எனக்கும் அது பிரமாதமான யோசனையாகப் பட்டது. தங்க நிறத்தில் சோப்பு, அதற்கு ஒரு பெயர், ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் ஒரு பெயர்ப்பலகை என்று மனம் ஓடிவிட்டது. வீட்டில் பத்திரப்படுத்தி வைத்திருந்த மஞ்சளை அக்கா இடித்துக்கொண்டு வந்து கொட்டினாள். நான் கிண்டினேன். கரண்டி ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் கடாய் முழுவதும் ரத்தச் சிவப்பாகிவிட்டது.

மாமா எட்டிப் பார்த்தார். “இனி சாபுன் கா, குங்குமம் கா?” என்றார். இது சோப்பா, குங்குமமா என்று நிஜமாகவே கேட்டார்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு அருகில் வந்து பார்த்தாள். “ஏண்டி, இத்தாம் பெரிய சட்டில யாருக்கு ஆலத்தி கரைக்கிறீங்க?”

மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும். கல்யாணப் பெண்ணுக்கு, மாப்பிள்ளைக்கு, பிள்ளை பெற்று வருபவளுக்கு என்று அப்படித்தான் ஆலத்தி கரைத்துச் சுற்றுகிறோம். அக்கா எத்தனை கல்யாணத்தில் அந்தத் தட்டை ஏந்தியிருப்பாள். நான் ரசாயனம் படித்தவன். சுண்ணாம்பை நாங்களே கலந்துவிட்டு, மேலே மஞ்சளையும் கொட்டிவிட்டு, இரண்டு பேரும் திகைத்து நின்றோம். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அத்தானைக் கொண்டுபோன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

எண்ணெயைக் கொட்டிவிட மனம் வரவில்லை. பலகை அச்சில் ஊற்றி, ஆறியதும் கட்டிகளாக அறுத்தோம். மறுநாள் காலை அக்கா கூடையில் அடுக்கிக்கொண்டு ஜாலான் பெண்டஹாராவுக்குப் போய், மூடிக் கிடந்த ஒரு துணிக்கடை வாசலில் உட்கார்ந்தாள். பக்கத்து மசாலாக் கடை பாய், “உக்காருங்க தங்கச்சி, வெயில் இந்தப் பக்கம் வராது” என்று சாக்கு ஒன்றை எடுத்துப் போட்டாராம். மத்தியானத்துக்குள் கூடை காலி.

“எப்படிக்கா?” என்றேன்.

“வெள்ளக்காரன் காலத்துல செவப்பு சோப்பு வருமே, அதுன்னு நெனச்சுட்டாங்க. எங்கயோ பதுக்கி வச்சிருந்து எடுத்தாந்துட்டேன்னு. இல்லீங்க, நாங்களே காச்சுனதுன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொன்னேன். தெரியும் தெரியும், மெதுவாப் பேசுன்னு கண்ணடிச்சாங்க. நான் உண்மையத்தான் சொன்னேன்டா. அத யாரும் வாங்கல, சோப்பதான் வாங்குனாங்க.”

அந்தச் சந்தோஷம் நான்கு நாள்கூட நிற்கவில்லை.

எங்கள் பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். ஊரே கிழிசலில் நடந்த அந்தக் காலத்திலும் வெள்ளைக் கால்சட்டையைக் கத்திபோல் தேய்த்து உடுத்திக்கொண்டு வருவார். புதன்கிழமை காலை குனிந்து நிமிர்ந்தபோது என் கண் அவர் கால்சட்டையில் விழுந்தது. அது வெள்ளையாக இல்லை. நான் போய் உட்கார்வதற்குள் கூப்பிட்டுவிட்டார்.

“தம்பி, இஞ்ச வாரும். இது என்ன நிறம் எண்டு சொல்லும் பாப்பம்.”

“மஞ்சள், ஐயா.”

“முழங்காலில?”

“அங்க... செவப்பு, ஐயா.”

“எங்கட மனிசி பெண்டஹாரா றோட்டில வாங்கின சவுக்காரம். மஞ்சளாப் போச்சுது எண்டு, அதே சவுக்காரத்தைப் போட்டு முழங்காலில திருப்பித் தேய்ச்சவ. வித்த பிள்ளை உம்மட அக்கா எண்டு கேள்வி. இந்த முறை என்னைக் கொண்டு காவடி எடுப்பிக்கிற யோசனையோ?”

பின்னால் யாரோ இருமுவது போல் சிரித்தார்கள். நான் கைப்பட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். வேலை போனால் கைப்பட்டி போகும்; பட்டி போனால் லாரி. சயாமுக்கு ஒரே வீட்டிலிருந்து இரண்டாவது ஆள். அதற்குமேல் யோசிக்கத் தெரியாமல், சாம்பல், சுண்ணாம்பு, மஞ்சள், ஆலத்தி என்று நடந்தது எல்லாவற்றையும் அப்படியே சொன்னேன்.

அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, “மஞ்சள் போடாட்டி?” என்றார்.

“வெள்ளையா வரும், ஐயா. வாசம்தான்...”

“வாசத்தை விடும். ஊத்தை போகுமோ?”

“போகும்.”

“போகும்தான். நிறம் பிடிச்சாலும் ஊத்தை முழுக்கப் போட்டுது. சேட்டுக் கொலரை நான் வடிவாப் பாத்தனான்.”

நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். ஆஸ்பத்திரியில் சோப்பு இல்லை. யாரையாவது கண்டுபிடி என்று மேலே இருக்கும் ஜப்பான்காரர் அவரை நச்சரித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்கு சோப்புக் கொடுப்பவனுக்கு முத்திரைச் சீட்டு உண்டு. லாரிக்காரர்கள் அவனைத் தொட மாட்டார்கள். அரிசி கிடையாது. பணம் இரண்டு மாதம் கழித்துத்தான் வரும்.

“ஆனா உத்தியோகத்தில இருந்துகொண்டு அரசாங்கத்துக்கே விக்கேலாது. நாற்காலியோ, கடாயோ, ஒண்டைச் சொல்லும். சனிக்கிழமைக்குள்ள.”

நான் நாள்தோறும் நடந்துகொண்டே கண்ட கனவு அது. அது மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேள்வியாக வந்தபோது, வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றுதான் சொன்னேன்.

வீட்டில் சொன்னேன். அக்கா குடத்தை எடுத்துக்கொண்டு பின்புறம் போய்விட்டாள். தனக்காகத் தம்பி வேலையை விடுகிறான் என்று ஆகிவிடக் கூடாதென்று பயந்திருப்பாள். அம்மா மரவள்ளிக்கிழங்கை உரித்துக்கொண்டே இருந்தாள். கடைசிக் கிழங்கை முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

“மொதல்ல மஞ்சளு கிஞ்சளு இல்லாம ஒண்ணு காச்சு. பாக்கறேன்.”

மறுநாள் வேலை முடிந்து வந்து, பொழுது சாய்வதற்குள் மூன்று பேருமாகக் காய்ச்சினோம். அது வெண்மையாக இறுகியது. என் அலுவலகச் சட்டையை அதைப் போட்டு அம்மாவே துவைத்து, கொடியில் போட்டாள். அடுத்த நாள் காய்ந்த சட்டையை எடுத்துக் கழுத்துப் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள்.

“ஆஸ்பத்திரிக்குத் தெனமும் காச்சணுமா?”

“தெனமும்தான்.”

“இவ ஒருத்தியால அந்தக் கடாயக் கிண்ட முடியுமா?”

“முடியாதும்மா.”

“அப்போ நீ ஆபீஸ்ல உக்காந்துகிட்டு என்னடா பண்ணுவ?”

எனக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆனது. அக்காவுக்கு உடனே புரிந்துவிட்டது; அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அம்மா அவளை விலக்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அரிசி இல்லாட்டி கெழங்கு. அத ஏற்கெனவே பாதி நாள் தின்னுக்கிட்டுத்தான் இருக்கோம். ஆனா அந்தப் பெரிய கிராணிக்கு கால்சட்டத் துணி வாங்கிக் குடுத்துட்டு வெளிய வா. கெடுத்தது நாமதானே.”

சோப்பு விற்ற பணத்தில் மாமாவின் பங்கைக் கொடுத்ததுபோக மிச்சம் இருந்ததோடு, அக்கா சேர்த்து வைத்திருந்ததும் சேர்ந்து, பாய் மூலமாக ஒரு கடையின் உள்ளறையிலிருந்து வெள்ளைத் துணி கிடைத்தது. சனிக்கிழமை அதைப் பெரிய கிராணியின் மேசையில் வைத்தேன். பக்கத்தில் கைப்பட்டியை அவிழ்த்து வைத்தேன். அவர் வேண்டாம் என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. துணியை முழம் போட்டுப் பார்த்தார்.

“அளவு காணும். இதுக்கெண்டாலும் வெள்ளைச் சவுக்காரம் தாரும்” என்றார். பிறகு முத்திரைச் சீட்டை எடுத்து நீட்டினார். அதில் என் பெயருக்கு எதிரே, தொழில் என்ற இடத்தில், ‘சோப்புத் தயாரிப்பாளர்’ என்று ஆங்கிலத்தில் அவரே அழகாக எழுதியிருந்தார். வீடு வரும் வழியில் அதை எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் என்று கணக்கில்லை.

அந்த இரண்டு மாதம் கிழங்குப் புட்டு, கிழங்குக் களி, கிழங்கு ரொட்டி. மாமா தேங்காய் கொடுத்தார். அக்காவின் கை காய்த்துப் போனது. ஆனால் அவள் நடையில் பழைய விறைப்பு திரும்பி வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கட்டிகூடத் திரும்பி வரவில்லை. மூன்றாம் மாதத் தொடக்கத்தில் வாழைமரப் படம் போட்ட ஜப்பான் வெள்ளி நோட்டுகளாக முதல் பணத்தை வாங்கிக்கொண்டு வந்து அம்மாவின் மடியில் வைத்தேன். அவள் அதை எண்ணவில்லை.

“இது இருக்கட்டும். நாற்காலிய விட்டதுக்கு நமக்கு மொத்தம் எவ்வளவுடா ஆச்சு?” என்றாள்.

இரண்டு மாதச் சம்பளம் நூற்று இருபத்து நான்கு வெள்ளி. வராமல் போன அரிசி இருபத்து நான்கு காத்தி, அதாவது ஏறக்குறைய பதினான்கு கிலோ, கள்ளச்சந்தை விலையில் நாற்பத்தெட்டு. கால்சட்டைத் துணி நாற்பத்தைந்து. எல்லாம் சேர்த்து இருநூற்றுப் பதினேழு வெள்ளி என்றேன். “அவ்வளவுதானா?” என்று நோட்டுகளை மடியில் முடிந்துகொண்டாள்.