ஆடி மாதம் பம்பாய் போய்வந்த நேரம்

1991 ஆடியில் என் வீட்டுக்காரர் முதல்முறையாக விமானம் ஏறினார். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு சிறிய தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தார். மெஷின் ஒன்று உடைந்து லைன் நின்றுபோனது. உடைந்த பாகம் பம்பாயில்தான் கிடைக்கும். ரயிலில் போனால் தாமதமாகும் என்று முதலாளி இவரை விமானத்தில் அனுப்பிவைத்தார்.

திரும்பி வந்த அன்று படப்பையில் எங்கள் தெருவே வீட்டுக்கு வந்தது. என்ன சாப்பிடக் கொடுத்தார்கள், காது அடைத்ததா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அதன் பிறகுதான் அவர் மனதில் இருந்ததை என்னிடம் சொன்னார். போனதைவிடத் திரும்பி வர ஏறக்குறைய கால் மணி நேரம் அதிகமாக ஆனதாம். இரண்டு தடவையும் சக்கரம் தரையை விட்டதிலிருந்து வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"அது எப்படிங்க? போறதுக்கு இன்னா தூரமோ, வர்றதுக்கும் அதே தூரந்தானே?" என்றேன்.

"அதான் எனக்கும் புரியல. மேல சுத்திக்கினுகூட நிக்கல. நேரா வந்து எறங்கிட்டாங்க."

காற்றாக இருக்குமோ என்று யோசித்தேன். நான் ஒரகடத்தில் பால்வாடி டீச்சர், சைக்கிளில் போய்வருவேன். ஆடியில் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். காலையில் ஒரகடம் போகும்போது எதிர்காற்றில் மிதித்து மூச்சு வாங்கும். திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வந்துவிடும். பம்பாயும் மேற்கேதான் இருக்கிறது. அப்படியென்றால் போகும்போதுதானே நேரம் கூட வேண்டும்? வாட்சைத் தப்பாகப் பார்த்திருப்பீர்கள் என்று சொல்லிவிட்டேன். அவருக்குக் கோபம் வந்து, அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்.

நான் விடவில்லை. அந்த வாரம் சைக்கிள் பஞ்சராகி, ஒட்டும்வரை கடை வாசலில் நின்றபோது வானத்தைப் பார்த்தேன். தாழ்வான மேகங்கள் கிழக்கே, கடல் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தன. அவற்றின் இடைவெளியில், வெகு உயரத்தில், கோழி இறகு மாதிரி மெல்லிய வெள்ளைக் கீற்றுகள். அவை மேற்கே போவதுபோல் இருந்தது. கீழ்மேகம் ஓடுவதால் அப்படித் தோன்றுகிறதோ என்று, அருகிலிருந்த மின்கம்பத்தின் நுனியோடு வைத்துப் பார்த்தேன். கம்பத்தைத் தாண்டி, மெதுவாக, மேற்கேதான் போயின.

மறுநாள் காலை அவரை வாசலுக்கு அழைத்துக் காட்டினேன்.

"மேல வேற காத்து, மேற்க பாத்து அடிக்குதுங்க. வர்றப்ப அதான் எதிர்காத்து. நீங்க பாத்த நேரம் சரிதான்."

அவர் வேப்பமரக் கிளையோடு சேர்த்து வைத்து, கழுத்து வலிக்கும்வரை பார்த்தார். விமானம் மேகத்துக்கெல்லாம் மேலேதான் பறந்தது, கீழே மேகம் பஞ்சு மாதிரி கிடந்தது என்றார். கோபம் போய்விட்டது தெரிந்தது. ஷிஃப்டுக்கு நேரமாகிறது என்று நான் சொன்னதும் காதில் விழவில்லை.

"கீழ ஒரு பக்கம், மேல ஒரு பக்கம்னா, நடுவுல எங்கயோ காத்தே இல்லாத எடம் ஒண்ணு இருக்கணுமே?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. நானும் அவர் பக்கத்தில் நின்று பார்க்க ஆரம்பித்தேன்.