சவ்ரியின் வெயில் பெட்டி

சவ்ரிக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. டீ குடிக்கும்போதுகூடக் கோப்பையோடு முற்றத்துக்கும் வாசலுக்குமாக நடப்பாள். கட்டிக்கொடுத்த வீட்டில் ஒரே ஒரு குளிர்காலம் தாக்குப்பிடித்தாள். அப்புறம் தன் துணிமூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு அப்பா வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். ஏன் வந்தாய் என்று அண்ணன் இமாம்தாத் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டின் கீழ்ப்பாதியைக் காட்டி, "இது உன் பங்கு. நடக்கிறதுக்கு இடம் போதுமா பாரு" என்றான். அவன் அப்படிப்பட்ட மனிதன்.

மலைப் பள்ளத்தாக்கில் ஓடும் பர்த்தாங் ஆற்றின் ஒரு கரையில் ஊர் முழுக்க இருக்கிறது. இந்த வீடு மட்டும் எதிர்க்கரையில் தனியாக நிற்கிறது. நடுவில் ஒரு மரப்பாலம்.

எங்கள் பக்கம் விறகு என்றால் தெரஸ்கன்தான். முழங்கால் உயரப் புதர். வேரோடு பிடுங்கினால்தான் அடுப்புக்கு ஆகும். பிடுங்கிய இடத்தில் மறுபடி முளைக்க ஒரு மனித ஆயுள் பிடிக்கும். அதனால் வருஷா வருஷம் இன்னும் மேலே, இன்னும் மேலே ஏறிப்போக வேண்டியிருந்தது. பிடுங்குகிறவர்களைத் திட்டி என்ன பிரயோசனம்? பச்சை மாவையா தின்பார்கள்? சவ்ரியும் அண்ணி நெக்கதமும் முதுகில் சுமை கட்டிக்கொண்டு இறங்கி வரும்போதெல்லாம் கூரைமேல் ஆப்ரிகாட் பழங்கள் சொகுசாக வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். சவ்ரிக்குப் பற்றிக்கொண்டு வரும். பழத்துக்குக் கிடைக்கிற வெயில் பானைக்குக் கிடைக்காதா?

உடைந்துபோன டிவி டிஷ் குடை ஒன்று கிடந்தது. அதன் உட்புறம் முழுக்கக் கண்ணாடிச் சில்லுகளை ஒட்டினாள். கெண்டியைத் தூக்கி நடுவில் வைத்ததுதான் தாமதம், தண்ணீர் குதித்துக்கொண்டு கொதித்தது. ஊரே பாலத்தைத் தாண்டி வந்து வாயைப் பிளந்தது. இமாம்தாத் அந்த வெளிச்சத்தில் சிகரெட் பற்றவைத்துக் காட்டினான். எல்லோரும் கைதட்டினார்கள். சிகரெட்டைப் பற்றவைப்பது வேறு எதையெல்லாம் பற்றவைக்கும் என்று அங்கே ஒரு மண்டைக்கும் உறைக்கவில்லை.

ஒருநாள் அந்தக் குடையில் கொதித்த சூப்பில் உப்புப் பார்க்க நெக்கதம் குனிந்தாள். நிமிர்ந்தபோது வலது கண்ணின் நடுவில் கறுப்பாக ஒரு பொட்டு நின்றது. கோரோக் நகரத்து ஆஸ்பத்திரிவரை போய்ப் பார்த்தார்கள். போனது போனதுதான் என்றுவிட்டார்கள். இடது கண்ணை மூடிக்கொண்டு யாரையாவது பார்த்தால் அவளுக்கு அவர்களுடைய காது தெரியும், முக்காடு தெரியும், முகம் மட்டும் தெரியாது.

அவள் கத்தவில்லை, சபிக்கவில்லை. சவ்ரியோடு பேசுவதை நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான். ஒரே கூரை, ஒரே முற்றம், ஒரே வாய்க்கால். ஏதாவது சொல்லியே ஆகவேண்டுமென்றால் ஆட்டைப் பார்த்துச் சொல்வாள். "வாய்க்காலை அடைச்சுப் போட்டிருக்காங்க, யாருன்னு தெரியலை, திறந்துவிட்டா நல்லா இருக்கும்." ஆடு என்ன செய்யும், பாவம்! சவ்ரி ஓடிப்போய் வாய்க்காலைத் திறப்பாள்.

சவ்ரி குடையைக் கடப்பாரையால் நொறுக்கிக் குழி தோண்டிப் புதைத்தாள். வேறு ஒருத்தியாக இருந்தால் அதோடு தலைமுழுகியிருப்பாள். இவளால் முடியவில்லை. தூக்கத்திலும் கை எதையோ முடுக்கிக்கொண்டிருந்தது. இந்த முறை ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தாள்: வெளிச்சம் ஒரு புள்ளியில் குவியவே கூடாது. வளைவான எதுவும் வேண்டாம். குழந்தை கையை விட்டாலும் கண்ணை வைத்தாலும் ஒன்றும் ஆகக் கூடாது. அப்புறம், வீட்டில் கிடக்கிற சாமானில் செய்ய வேண்டும்; கடைக்குப் போய்த்தான் வாங்கவேண்டுமென்றால் இந்தப் பள்ளத்தாக்கில் ஒருத்தியும் செய்யமாட்டாள்.

பெட்டிக்குள் பெட்டி. நடுவில் ஆட்டு மயிர். மேலே கண்ணாடி. கேட்க எவ்வளவு லேசாக இருக்கிறது! முதல் பெட்டி அட்டையில் செய்தாள். ஆவி பட்டு ஊறித் தொங்கிப்போனது. பலகையில் செய்தாள், இடுக்கு வழியாகச் சூடு ஓடிப்போனது. உள்தகரத்துக்குக் கரியும் லாரி எண்ணெயும் குழைத்துப் பூசினாள். சோறெல்லாம் லாரி நாற்றம். காற்று வந்து மூடியைத் தூக்கிக்கொண்டுபோய் ஆற்றில் போட்டது. செத்துப்போன லாரியின் ஜன்னல் கண்ணாடி இரண்டைச் சின்ன இடைவெளி விட்டு ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்திய பிறகுதான் உள்ளே சூடு தங்கியது. வெயிலை உள்ளே தள்ள ஒரு தகரப் பலகை, அதன்மேல் சாக்லேட் தாள்கள். தட்டையான பலகை, கசங்கிய தாள். அதிலிருந்து பளீரென்று எதுவும் கிளம்பாது. மெதுவாக வெந்தது. ஆனால் வெந்தது.

ஊர்க்காரர்கள் பாலத்தில் நின்று, "என்ன சவ்ரி, கோழிக்கூடு முடிஞ்சுதா? முட்டை எப்ப?" என்று கேட்பார்கள். "உன் பொண்டாட்டி கொக்கரிக்கட்டும், அப்பச் சொல்றேன்" என்பாள் சவ்ரி. நெக்கதம் மட்டும் அந்தப் பெட்டி இருக்கும் பக்கமே திரும்பமாட்டாள். முற்றத்தைச் சுற்றிக்கொண்டு போவாள். சவ்ரி அதைச் செய்ததே அந்த ஒருத்திக்காகத்தான். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

அந்த வசந்தத்தில் வாய்க்காலைச் சுத்தம் செய்துகொண்டிருந்த இமாம்தாத் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, மூச்சு வாங்குகிறது என்று உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. ஊர் திரண்டு வந்து அடக்கம் செய்துவிட்டுப் போனது. மறுநாள் விடியலில் பனி உருகிய வெள்ளம் பாலத்தை அள்ளிக்கொண்டு போய்விட்டது.

சாவு வீட்டில் மூன்றாம் நாள் விளக்கேற்றும்வரை அடுப்பு மூட்டக் கூடாது. அக்கம்பக்கத்தார் சமைத்துக் கொண்டுவருவார்கள். இங்கே அக்கம் பக்கம் எல்லாம் ஆற்றுக்கு அந்தப் பக்கம். ஓதி விளக்கேற்ற வேண்டிய மதப் பெரியவர் கலீஃபாவும் அந்தப் பக்கம். பாலம் கட்டினால்தான் கலீஃபா, கலீஃபா வந்தால்தான் விளக்கு, விளக்கேற்றினால்தான் அடுப்பு. ஆண்கள் கரையில் நின்று ரொட்டியைத் துணியில் சுற்றி வீசினார்கள். பாதி ஆற்றுக்குப் போனது. மீதியை மூன்று பெண்கள் தின்றார்கள்: நெக்கதம், சவ்ரி, நெக்கதமின் மருமகள் ஷிரின்மோ. புருஷன் மாஸ்கோவில் கட்டட வேலையில் இருக்க, ஷிரின்மோ பிள்ளை பெற்று நாற்பது நாள்கூட ஆகவில்லை. காய்ந்த ரொட்டியும் பச்சைத் தண்ணீரும் அழுகையும் சேர்ந்து அவளுக்குப் பால் வற்றிக்கொண்டு வந்தது. குழந்தை முலையைக் கவ்வும், விடும், வீறிடும். அந்த அழுகை சவ்ரியைப் பாடாய்ப்படுத்தியது. துக்கம் காக்க உட்கார வேண்டிய கம்பளத்தை மிதித்துக்கொண்டு நடந்தாள்.

கடைசியில் வாசற்படியில் நின்று சொல்லிவிட்டாள். "ஷிரின்மோ, உன் மாமியார்கிட்டக் கேளு. நெய்யும் மாவும் கரைச்சு அந்தப் பெட்டியில வைக்கட்டுமா? சூடா ஒரு கிண்ணம் உள்ள போனாத்தான் உனக்குப் பால் ஊறும்."

ஷிரின்மோ மாமியாரைப் பார்த்தாள். ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருந்த நெக்கதம் சுவரைப் பார்த்துச் சொன்னாள். "இந்த வீட்டுல அடுப்பு எரியாதுன்னு சொல்லு. அவர் இன்னும் வீட்டைச் சுத்திக்கிட்டுத்தான் இருக்கார். வழியில தீயை வைக்கமாட்டேன்."

"தீயே இல்லையே! வெயில் எப்போ தீயாச்சு? கூரையில துணி காயுதே, அதுவும் குத்தமா?"

"வெயில் சுடாதுன்னு அவளுக்கு யாரு சொன்னதாம்? என் கண்ணைக் கேக்கச் சொல்லு."

சவ்ரி ஆற்றங்கரைக்கு ஓடினாள். "கலீஃபா! வெயில்ல வேகவைச்சா அது தீயா?" என்று தொண்டை கிழியக் கத்தினாள். எதிர்க்கரையில் கிழவர் காதில் கைவைத்துக் கேட்டார். வெள்ளத்தின் இரைச்சலில் ஒன்றும் போய்ச் சேரவில்லை. அவர் இன்னொரு ரொட்டியை வீசச் சொன்னார். அது தண்ணீரில் விழுந்தது. சவ்ரி ஆற்றையும் கலீஃபாவையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே திரும்பினாள்.

முற்றத்துக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நெக்கதம் பெட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கையில் எலும்பாய்க் காய்ந்த தெரஸ்கன் சுள்ளி ஒன்று. விரலில் துணியைச் சுற்றி மூடியைத் தூக்கி, சுள்ளியைக் கறுப்புத் தகரத்தின்மேல் வைத்து, மூடினாள். எதிரே தரையில் உட்கார்ந்தாள். எதற்கு என்று சவ்ரிக்கு உடனே புரிந்தது. தீ என்றால் சுள்ளி பற்ற வேண்டும். அந்தக் குடையில் இதே சுள்ளி கண்ணிமைக்கும் நேரத்தில் பற்றியிருக்கும்.

பற்றாது என்று சவ்ரிக்குத் தெரியும். தெரிந்து என்ன? வெயில் உச்சிக்கு ஏறியது. எங்கள் பள்ளத்தாக்கில் வெயில் நின்று நிதானமாகக் காயாது. மதியம் சாய்ந்ததும் மலை அதை விழுங்கிவிடும். இந்தச் சோதனையிலேயே பொழுது போனால் கஞ்சி எப்போது வேகும்? சவ்ரி வாசலுக்கு நடந்தாள், திரும்பினாள், மலை உச்சியைப் பார்த்தாள், மேகம் ஒன்று வருவதைப் பார்த்து அதற்கும் வசவு வைத்தாள். உள்ளே குழந்தை அழுதழுது தொண்டை கட்டிப்போய்க் கேவியது. நெக்கதம் அசையவில்லை.

கண்ணாடியின் உள்பக்கம் மங்கலாக ஏதோ படர்ந்தது. சவ்ரி ஓர் எட்டு முன்னால் வந்தாள். புகையா? நெக்கதம் நல்ல கண்ணைக் கண்ணாடிக்கு அருகில் கொண்டுபோனாள். "அண்ணி, வேணாம்!" என்று சவ்ரி அலறியேவிட்டாள். நெக்கதம் கேட்ட மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. நெற்றி கண்ணாடியில் படப் பார்த்தாள். சுள்ளியில் மிச்சமிருந்த ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் முத்து முத்தாக நின்றது. சுள்ளி கிடந்த இடத்தில் கிடந்தது.

அவள் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரும்போது கறுப்புச் சட்டியில் மாவும் தண்ணீரும் நெய்யும் கரைத்துக் கொண்டுவந்தாள். சட்டியைத் தானே உள்ளே வைத்தாள். தகரப் பலகையை எப்படித் திருப்புவது என்று தெரியாமல் ஒரு நிமிஷம் தடுமாறினாள். சவ்ரி எட்டி நின்றே பலகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தள்ளிப்போனாள். அப்புறம் வெயில் நகர நகர, ஒன்றும் பேசாமல், இரண்டு பேருமே மாறி மாறிப் பெட்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள்.

மலையின் நிழல் முற்றத்தின் ஓரத்தைத் தொட்டபோது கஞ்சி கொப்புளித்தது. நெக்கதம் அவசரத்தில் துணியை மறந்து வெறும் கையால் மூடியைத் தூக்கினாள். விளிம்புத் தகரம் சுரீரென்றது. மூடியைப் போட்டுவிட்டு விரலை வாயில் வைத்துக்கொண்டாள். மறுபடியுமா! இந்தப் பாவி கையால் மறுபடியும் அவளுக்கா! பெட்டியைத் தூக்கி ஆற்றில் எறிந்துவிடலாம் என்றுதான் சவ்ரி பாய்ந்து வந்தாள்.

"ஏண்டி," என்றாள் நெக்கதம். ஆட்டைப் பார்த்து அல்ல, சுவரைப் பார்த்து அல்ல, சவ்ரியின் முகத்தைப் பார்த்து. "இத்தனை நாளா இதோட மல்லுக்கட்டுறியே, மூடிக்கு ஒரு மரப்பிடி வைக்கணும்னு உனக்குத் தோணலையா? மூளையை ஆட்டுக்குத் தீனியாப் போட்டுட்டியா?"

சவ்ரி நின்ற இடத்திலேயே தேம்பித் தேம்பி அழுதாள். அண்ணனுக்காக அழாத அழுகை எல்லாம் அப்போதுதான் வந்தது.

"அழுதது போதும்," என்றாள் நெக்கதம். "கண்ணு போனதை நான் மறக்கலை. மறக்கவும் மாட்டேன். அது வேற. கஞ்சி வெந்திருக்கு. ஆறிப்போறதுக்குள்ள கிண்ணம் எடுத்துட்டு வா."

சவ்ரி ஓடிப்போய் இரண்டு கிண்ணம் கொண்டுவந்தாள், ஒன்று ஷிரின்மோவுக்கு, ஒன்று அண்ணிக்கு. நெக்கதம் இரண்டையும் வாங்கி நிறைத்துவிட்டு, கரண்டியைச் சட்டியில் போட்டபடி நிமிர்ந்தாள்.

"உனக்கு எங்கடி?" என்றாள்.