பூசை பாதியில் நின்ற ஞாயிறு

எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போகக் கூடாது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத கட்டுப்பாடு இது. ஆனால் சட்டத்தை மீறினாலும் மீறுவார்கள், இதை மீற மாட்டார்கள். மீறிப் போகிறவனின் வள்ளம் ஒரு வாரம் கரையிலேயே கிடக்கும். அவன் பெயரை ஊர்க் கமிட்டி ஒரு தாளில் எழுதி மாதா கோயில் வாசலில் ஒட்டும். அந்தத் தாளை எழுதுகிற செயலாளர் நான். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று கொடுத்த வேலை. மனசும் கல்லு என்று தெரிந்துதான் கொடுத்தார்களோ என்னவோ.

பூசை பாதியில் நின்ற அந்த ஞாயிற்றுக்கு மூன்று வாரம் முன்னால் ஒருவன் பெயரை ஒட்டியிருந்தேன். எங்கள் தெருக்காரன்தான். வலையைக் கடல் இழுத்துக்கொண்டு போய்விடும் என்ற பயத்தில் போனேன், இந்த ஒரு தடவை விட்டுவிடுங்கள் என்று வீட்டு வாசலில் வந்து நின்றான். "கடவுளுக்கு ஒரு நாள் குடுக்க முடியாதவனுக்குக் கடல் எதுக்குடே?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினேன். பெரிய நியாயம் பேசிவிட்டதாக அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

அந்த ஞாயிறு, பூசைக்கு இரண்டாம் மணி அடித்துக்கொண்டிருந்தது. தம்பி பெண்டாட்டி கோயில் வாசலில் என்னை மறித்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அத்தான், அவிய கடலுக்குப் போயிருக்காவ. நேத்து எஞ்சின் மக்கர் பண்ணுனதுல வலைய எடுக்காம வந்துட்டாவல்லா, விடியுததுக்குள்ள எடுத்துட்டு வந்துருதேன், அண்ணனுக்குச் சொல்லாதன்னு சொல்லிட்டுப் போனாவ. இன்னும் வரல. போனும் போக மாட்டேங்கு."

அவள் சொல்லி முடித்ததும் நான் செய்த முதல் காரியம், பக்கத்தில் யார் காதிலாவது விழுந்ததா என்று திரும்பிப் பார்த்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் நடந்தது.

"சத்தம் போடாதம்மா. வந்துருவான். பூசை முடியட்டும், நான் பாத்துக்கிடுதேன். போய் உக்காரு."

அவள் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தாள். நான் ஆண்கள் பக்கம் உட்கார்ந்தேன்.

வெளியே கச்சான் எழும்பியிருந்தது. மேற்கிலிருந்து, கரையைக் கடந்து கடலைப் பார்த்து வீசுகிற காற்று. கோயில் கதவு வழியாக மணல் உள்ளே வந்து விழுந்தது. கச்சான் நேரத்தில் எஞ்சின் நின்றுபோன வள்ளம் தானாகக் கரைக்கு வராது, இலங்கையைப் பார்த்துத்தான் போகும். எனக்கு இது தெரியாதா? தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன். இப்போது வந்துவிடுவான், யாருக்கும் தெரியாமல் வள்ளத்தை ஏற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். சொந்தத் தம்பி பெயரை என் கையால் எழுதி ஒட்ட வேண்டி வந்தால், அந்தத் தெருக்காரன் என்னைப் பார்த்துச் சிரிப்பானே என்று நினைத்தேன். கடவுளும் எங்கள் கமிட்டி மாதிரி, தவறினவன் பெயரை எழுதி வைத்துக்கொள்கிறவர் என்றுதான் அதுவரைக்கும் நம்பியிருந்தேன். பாட்டுப் பாடினார்கள், வாசகம் வாசித்தார்கள். ஒன்றும் மண்டையில் ஏறவில்லை.

பங்குச்சாமி பிரசங்கம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். அவள் எழுந்து நின்றாள்.

"சாமி, என் வீட்டுக்காரவிய கடல்ல இருக்காவ."

பிரசங்கம் நின்றது. அவள் நிறுத்தவில்லை. "ஞாயித்துக்கெழம போனது தப்புதான். கடவுளுக்குக் கோவம்னா அத அவரு அவியள்ட்ட கேட்டுக்கிடட்டும். நீங்க யாராவது போய்ப் பாருங்களேன்!"

எல்லோரும் முன் வரிசையில் இருந்த ஊர்த் தலைவரைப் பார்த்தார்கள். கட்டுப்பாட்டில் என்னைவிடக் கறாரான மனிதர். மெதுவாக எழுந்தார், வேட்டியை மடித்துக் கட்டினார்.

"எப்பம் போனான்? வல எந்தப் பக்கம் கெடக்கு?"

அவ்வளவுதான் கேட்டார். பதில் வரும்போதே வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டார்.

"எல்லாரும் போங்க. பூசை காத்திருக்கும்," என்றார் சாமி. "மணிய அடிச்சுக்கிட்டே இருங்க, கடலு வரைக்கும் கேக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கரையிலிருந்து வள்ளங்கள் இறங்கி நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கு வெள்ளைச் சட்டையோடு, காலில் செருப்போடு ஆண்கள் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். முதலில் இறங்கிய வள்ளம் அந்தத் தெருக்காரனுடையது. நான் கரையில் மரம் மாதிரி நிற்பதைப் பார்த்து, "ஏறுங்கண்ணாச்சி, என்ன நிக்கிய?" என்று கத்தினான். ஏறினேன். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வலை கிடக்க வேண்டிய இடத்தில் மிதவைகூட இல்லை. இன்னும் கிழக்கே போனோம். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்ற நிலக்கரிக் கப்பல்களைத் தாண்டினோம். அலை வள்ளத்துக்குள்ளேயே வந்து விழுந்தது. ஒவ்வொரு வள்ளத்திலிருந்தும் போன் வந்தது, இல்லை, இங்கே இல்லை என்று. எனக்கு ஜெபம் வரவில்லை. அவனைக் கொடு, பதிலுக்கு இன்னது செய்கிறேன் என்று சொல்லத் தொடங்கினேன். கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது? பூசைக்குத் தவறாமல் போனேன் என்று சொல்லவா? அந்தப் பூசையில் உட்கார்ந்துதானே தம்பியைக் கடலுக்குக் கொடுத்தேன்.

தெருக்காரன்தான் முதலில் பார்த்தான். கவிழ்ந்த வள்ளத்தின் நீல அடிப்பாகம் அலையில் ஏறி இறங்கியது. அதன்மேல் என் தம்பி குப்புறக் கிடந்தான். கயிற்றை மணிக்கட்டில் சுற்றியிருந்தான். அசையவில்லை. நான் குதித்தேன். நீந்திப் போய்ப் பிடித்து உலுக்கினேன். கண்ணைத் திறந்தான்.

"யண்ணே, வல போச்சு."

இழுத்து வள்ளத்தில் போட்டதும் கன்னத்தில் ஓர் அறை விட்டேன். பிறகு அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கரை வரும்வரை அழுதேன். தெருக்காரன் தன் சட்டையைக் கழற்றித் தம்பிக்குப் போர்த்திவிட்டு எஞ்சினைப் பிடித்தான்.

கரையில் ஊரே நின்றது. அவள் மார்பளவு தண்ணீருக்கு வந்து அவனைத் தாங்கிக்கொண்டாள். இப்போது சொல்லுவாள் என்று காத்திருந்தேன். காலையிலேயே இவரிடம் சொன்னேன், சத்தம் போடாதே என்றார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஊருக்குள் நான் தலைகாட்ட முடியாது. அவள் என்னைப் பார்த்தாள், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை.

ஈரத் துணியோடு எல்லோரும் கோயிலுக்குத் திரும்பினார்கள். சாமி பிரசங்கத்தைத் தொடரவில்லை, நேராகப் பீடத்துக்குப் போய்விட்டார். தம்பியைச் சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நான் வாசலைத் தாண்டவில்லை. உள்ளே போக எனக்கு என்ன யோக்கியதை?

கொஞ்ச நேரத்தில் அவள் எழுந்து என்னைத் தேடி வெளியே வந்தாள்.

"உள்ள வாங்கத்தான்."

"அந்த முக்கா மணி நேரம் என்னாலதான் போச்சு. எனக்கு என் பேருதான் பெருசாப் போச்சு. அவன் செத்திருந்தாம்னா நான்தான் கொன்னிருப்பேன்." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். எதற்கும் தயாராக இருந்தேன்.

"தெரியும்," என்றாள். "காலையில பூசையில உக்காந்து ஒங்களத்தான் பாத்துக்கிட்டே இருந்தேன். ஆத்தரமா வந்துச்சு. பெறவு பாத்தா, என்னயவிட நீங்க பயந்துபோய் இருந்திய. அவியளக் கொண்டுவந்து சேருங்க ஆண்டவரேன்னு வேண்டயில, ஒங்களையும் சேத்துத்தான் வேண்டுனேன்."

நான் என் தம்பி விஷயத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே நேரத்தில்! மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதற்கும் முன்னால், இரண்டு வரிசைக்கு அந்தப் பக்கம் இருந்து எனக்காகக் கேட்டிருக்கிறாள். கடவுளின் அன்பு என்று எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், தலையாட்டியிருக்கிறேன். அது என்னைத் தொட்டது அந்த வாசலில்தான். வாய்விட்டு அழுதேன். அவள் என் ஈரச் சட்டைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.